ஐ5-னு மட்டும் எழுதியிருக்க கொட்டேஷனை நம்பி காசு கொடுக்கலாமா?

விருதுநகர்ல இருந்து கேட்டிருக்கீங்க. தங்கச்சி பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் ரெண்டாவது வருஷம் போறா, வீட்ல 45,000 ரூபாய் ஒதுக்கியிருக்கீங்க, பக்கத்து கடையில ஒரு கொட்டேஷன் கொடுத்திருக்காங்க: ஐ5 ப்ராசஸர், 8 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க், 2 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு, 450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸோட (வீட்டு கரண்டை சிஸ்டத்துக்கு ஏத்த மாதிரி மாத்தித் தர்ற பெட்டி) கேபினட், 19 இன்ச் மானிட்டர், எல்லாம் சேர்த்து 27,000. "வாங்கிட்டா 18,000 மிச்சம், வாங்கலாமா?"ன்னு கேட்டிருக்கீங்க. நான் படிச்ச வரைக்கும் உங்க கேள்வி எந்த பார்ட் பெஸ்ட்டுங்கறது இல்ல. எதுல காசை இறுக்கிப் பிடிச்சா பரவால்ல, எதுல பிடிச்சா ரெண்டு வருஷம் கழிச்சு மறுபடி செலவு வைக்கும், அதான் உங்களுக்கு தெரியணும். அதனால லிஸ்ட் மட்டும் போட்டுட்டு போகாம காரணத்தோட எழுதறேன், கொஞ்சம் நீளமா வரும், பொறுமையா படிங்க.

நான் 2008-ல இருந்து சிஸ்டம் அசெம்பிள் பண்ணிட்டு இருக்கேன். முதல் மூணு வருஷம் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு கடையில வேலை, அப்புறம் மதுரையில சொந்தமா சர்வீஸ். பெரும்பாலும் என்கிட்ட வர்றது ஸ்டூடண்ட்ஸ், டிடிபி சென்டர், போட்டோ ஸ்டுடியோ, சின்ன ஆபீஸ், அதாவது உங்க பட்ஜெட்ல இருக்கிறவங்க தான். லட்ச ரூபாய் கேமிங் சிஸ்டம் ரொம்ப கொஞ்சம் தான் கட்டியிருக்கேன், அதனால அந்தப் பக்கம் நான் போகல.

முதல்ல அந்த கொட்டேஷன். ஐ5-ங்கறது ஒரு ப்ராசஸரோட பேரு இல்லங்க, அது குடும்பப் பேரு. எந்த தலைமுறைங்கறது பக்கத்துல இருக்க நம்பர்ல தான் இருக்கு. ஐ5 3470-னா மூணாவது ஜெனரேஷன், 2012-ல வந்தது. ஐ5 12400-னா பன்னெண்டாவது, 2022. ரெண்டுக்கும் பத்து வருஷம் வித்தியாசம், ஆனா ரெண்டையுமே "ஐ5 சிஸ்டம்"னு சொல்லி வித்தா பொய்னு சொல்ல முடியாது. 27,000-க்கு மானிட்டரோட சேர்த்து ஐ5 தர்றாங்கன்னா அது கழட்டின பழைய ப்ராசஸரும், அதுக்குன்னு புதுசா அடிச்சு வர்ற பேர் தெரியாத போர்டுமா (மதர்போர்டு) தான் இருக்கும்னு நான் நினைக்கிறேன். கொட்டேஷன்ல நம்பர் இல்லாததால நூறு சதவீதம் சொல்ல முடியாது, ஆனா நம்பரை எழுதாம விட்டதே போதும், கேட்டு எழுதி வாங்குங்க. இது ஏன் முக்கியம்னா, விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் சப்போர்ட்டை 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோட நிறுத்திட்டாங்க, விண்டோஸ் 11-க்கு இன்டெல்ல எட்டாவது ஜெனரேஷனோ அதுக்கு மேலயோ, ஏஎம்டி-ல ரைசன் 2000 சீரிஸோ அதுக்கு மேலயோ இருக்கணும், டிபிஎம் 2.0-ங்கற பாதுகாப்பு வசதி வேற வேணும். மூணாவது ஜெனரேஷன்ல குறுக்கு வழியில போட்டு ஓட வைக்கலாம், நானே போட்டு கொடுத்திருக்கேன், ஆனா இன்னும் மூணு வருஷம் படிக்கப் போற பிள்ளைக்கு புதுசுன்னு சொல்லி அதை வாங்கித் தரக்கூடாது. இன்னைக்கு இருக்க ஐ3 12100 அந்த பழைய ஐ5-ஐ எல்லா வேலையிலயும் ரொம்ப தூரம் தாண்டிடும். நாலு கோர் (உள்ள வேலை செய்யற ஆளுங்க மாதிரி), எட்டு த்ரெட் (ஒரே நேரத்துல கையில எடுக்கற வேலை). அந்த 3470-க்கு நாலு கோர், நாலு த்ரெட் தான்.

அடுத்து அந்த 2 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு. இந்த விலைக்கு வர்றது பெரும்பாலும் ஜிடி 710, ஜிடி 730 மாதிரி தான் இருக்கும். ஜிடி 730 வந்தது 2014-ல. அந்த கெப்ளர் வகை கார்டுகளுக்கு என்விடியா புது கேம் டிரைவர் கொடுக்கறதை 2021-லயே நிறுத்திட்டாங்க. 2 ஜிபி-ங்கறது கார்டுல இருக்க மெமரி அளவு, வேகம் இல்ல. பெரிய சாக்கு வச்சிருக்கவன் நிறைய மூட்டை தூக்குவான்னு அர்த்தம் இல்லையே, அந்த மாதிரி. ரைசன் 5 5600ஜி ப்ராசஸர் உள்ளயே இருக்க வேகா கிராஃபிக்ஸ் இந்த கார்டை விட நல்லா ஓடும். அதனால கொட்டேஷன்ல முதல்ல அடிக்க வேண்டிய வரி இது தான். இந்த பட்ஜெட்ல தனி கிராஃபிக்ஸ் கார்டு வேண்டவே வேண்டாம், பின்னாடி தேவைப்பட்டா பத்து நிமிஷத்துல சொருகிக்கலாம்.

பின்னாடி சொருகிக்கலாங்கறது தான் இங்க கணக்கே. ரேம் பின்னாடி கூட்டலாம், எஸ்எஸ்டி (ஹார்டு டிஸ்க்குக்கு பதிலா வர்ற வேகமான ஸ்டோரேஜ்) கூட்டலாம், கார்டு போடலாம், மானிட்டர் மாத்தலாம். போர்டை மாத்தணும்னா கிட்டத்தட்ட மொத்த சிஸ்டத்தையும் கழட்டணும், பல நேரம் ப்ராசஸர், ரேமையும் சேர்த்து மாத்தணும். எஸ்எம்பிஎஸ் கெட்டா அது தனியா போகாது, மத்ததையும் இழுத்துட்டு போகலாம். அதனால இருக்க காசு முதல்ல போர்டு, ப்ராசஸர், எஸ்எம்பிஎஸ் இந்த மூணுக்கும் போகட்டும், மத்ததுல எல்லாம் சிக்கனம் பிடிங்க.

எஸ்எம்பிஎஸ் பத்தி கொஞ்சம் விரிவா சொல்லணும். 2011-ல ஒரு போட்டோ ஸ்டுடியோக்கு சிஸ்டம் போட்டுக் கொடுத்தேன். அவர் பட்ஜெட் இடிச்சது, கேபினட்டோட வர்ற 450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸே போதும்னு நான் தான் சொன்னேன். ரெண்டு வருஷம் ஒரு குறையும் இல்ல. ஒரு ஐப்பசி மழை ராத்திரி கரண்ட் போய் போய் வந்திருக்கு, அவர் ஆல்பம் டிசைன் பண்ணிட்டு இருந்திருக்காரு, டப்புனு ஒரு சத்தம், கருகின வாடை. காலையில போய் கழட்டிப் பார்த்தா உள்ள ரெண்டு கெப்பாசிட்டர் தலை உப்பி வெடிச்சு பிசின் மாதிரி வடிஞ்சிருக்கு, கரண்ட் உள்ள வர்ற இடத்துல ஃபில்டர் காயில் இருக்க வேண்டிய எடத்துல வெறும் கம்பியை வளைச்சு சால்டர் பண்ணி விட்டிருக்காங்க. போர்டு போச்சு, அதைக் கூட விடுங்க, ஹார்டு டிஸ்க்கோட சர்க்யூட்டும் போச்சு. அதுல நாலு வருஷத்துக் கல்யாண போட்டோ. பாதி பேரோடது டிவிடி-ல இருந்தது, மீதி பேருக்கு அவர் போன் பண்ணி சொல்லும்போது நான் பக்கத்துல நின்னுட்டு இருந்தேன். அன்னைக்கு அவர் மிச்சம் பிடிச்சது ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குள்ள தான். அதுக்கப்புறம் கேபினட்டோட சேர்ந்து வர்ற எஸ்எம்பிஎஸ்ஸ எந்த சிஸ்டத்துக்கும் நான் போட்டதில்ல, கஸ்டமர் கோவிச்சுட்டு போனாலும் சரி.

அதை எப்படி பார்த்து வாங்கறது? பெட்டி மேல பெருசா போட்டிருக்க வாட்டை விட்டுட்டு பக்கவாட்டு ஸ்டிக்கரை பாருங்க. +12 வோல்ட்டுக்கு நேரா எத்தனை ஆம்பியர்னு இருக்கும். அதை 12-ஆல பெருக்குங்க. 16 ஆம்பியர்னா 192 வாட் தான், வெளிய 450-னு போட்டிருந்தாலும் ப்ராசஸருக்கும் கிராஃபிக்ஸ் கார்டுக்கும் கிடைக்கிறது அவ்வளவு தான். நல்ல 450 வாட் சப்ளைல 12 வோல்ட் மட்டுமே 400 வாட்டுக்கு மேல வரும், 35 ஆம்பியர் பக்கம் போட்டிருப்பாங்க. இன்னொரு அடையாளம், பின்னாடி 115, 230-னு சிவப்பு சுவிட்ச் இருந்தா அது பழைய டிசைன், ஆக்டிவ் பிஎஃப்சி (லைன்ல இருந்து கரண்டை சீரா இழுக்கற சர்க்யூட்) கிடையாது, வேண்டாம். 80 ப்ளஸ் பிரான்ஸ்-னு சான்று இருந்தா நல்லது. ஆனா அந்த சான்று சொல்றது எவ்வளவு கரண்ட் வீணாகாம உள்ள போகுதுங்கறதை மட்டும் தான், பாதி லோடுல சுமார் 85 சதவீதம்னு. ஷார்ட் ஆனா அணையுமா, வோல்டேஜ் எகிறினா தாங்குமாங்கறதை அது அளக்கறதில்ல. அதனால சான்றோட சேர்த்து கம்பெனி அஞ்சு வருஷம் வாரண்டி கொடுக்குதா, குறைஞ்சது மூணு வருஷமாவது கொடுக்குதான்னு பாருங்க. உங்க சிஸ்டம் முழு வேகத்துல ஓடினாலும் 150 வாட்டை தாண்டறது கஷ்டம், அதனால 450 வாட் தாராளம், 650, 750-னு யாராச்சும் சொன்னா அந்த காசை ரேமுக்கு போடுங்க. நல்ல 450 வாட் 3,000 ரூபாய்ல இருந்து 4,000 வரைக்கும் வரும்.

இதோட சேர்ந்தது எர்த். கேபினட்டை தொட்டா சுருசுருன்னு இருக்குன்னு மாசத்துக்கு ரெண்டு பேராச்சும் எனக்கு போன் பண்றாங்க, போர்டு ஷார்ட்டுன்னு பயந்துடறாங்க. பெரும்பாலும் போர்டு நல்லா தான் இருக்கும். எஸ்எம்பிஎஸ் உள்ள இருக்க ஃபில்டர் கெப்பாசிட்டர் வழியா துளி கரண்ட் கேபினட் தகரத்துக்கு வரும், அது எர்த் கம்பி வழியா மண்ணுக்குப் போயிடணும். எர்த் இல்லன்னா அந்த தகரத்துல பாதி வோல்டேஜ், அதாவது 115 பக்கம் நின்னுட்டு இருக்கும். கரண்ட் ரொம்ப கொஞ்சம், ஆனா அந்த நிலைமையில யுஎஸ்பி, எச்டிஎம்ஐ கேபிள் சொருகும்போது போர்ட் போனதை நான் பார்த்திருக்கேன். உங்க ஊர்ப் பக்கம் கோடையில எர்த் குழியே காஞ்சு போயிடும், அதுல தண்ணி ஊத்தறது யாருக்கும் ஞாபகம் இருக்காது. சிஸ்டம் வாங்கறதுக்கு முன்னாடி ஒரு எலக்ட்ரீஷியனை கூட்டிட்டு வந்து அந்த ரூம் பிளக் பாயிண்ட்ல எர்த் வருதான்னு பார்த்துடுங்க. மூணு முள் பிளக்கை ரெண்டு முள்ளா மாத்தற அடாப்டர் போடவே போடாதீங்க.

யுபிஎஸ் 600 விஏ ஒண்ணு போதும், சேவ் பண்ணி ஷட்டவுன் பண்ண நேரம் கிடைக்கும். இதுல ஒரு சந்தேகமான விஷயம் இருக்கு. விலை குறைஞ்ச யுபிஎஸ் கரண்ட் போனா தர்றது சுத்தமான சைன் வேவ் இல்ல, படிக்கட்டு மாதிரி வரும். ஆக்டிவ் பிஎஃப்சி இருக்க எஸ்எம்பிஎஸ் சிலது அதை ஏத்துக்காம அப்படியே அணைஞ்சுடும். உங்கள மாதிரி குறைஞ்ச லோடுல பத்துக்கு ஒண்ணுல பார்த்திருப்பேன், அவ்வளவு தான். எந்த ஜோடி ஒத்துப் போகும்னு வெளிய இருந்து சொல்ல வழியில்ல, வாங்கின அன்னைக்கே மெயினை ஆஃப் பண்ணி பாருங்க, அணைஞ்சா கடையிலயே மாத்திடுங்க.

இனி ப்ராசஸர். உங்க பட்ஜெட்டுக்கு நான் ரெண்டே பேரைத் தான் சொல்வேன், இன்டெல் ஐ3 12100 இல்லன்னா ஏஎம்டி ரைசன் 5 5600ஜி. தங்கச்சி செய்யப் போறது கோடிங், ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ, காலேஜ் ப்ராஜெக்ட், அப்பப்போ போன்ல எடுத்த வீடியோ எடிட்டிங்னு எழுதியிருக்கீங்க. 5600ஜி-ல ஆறு கோர், பன்னெண்டு த்ரெட், எமுலேட்டரை ஓட விட்டு பக்கத்துல பிரவுசர்ல இருபது டேப் திறந்து வச்சா அந்த ரெண்டு கோர் எக்ஸ்ட்ரா நல்லா தெரியும், உள்ள இருக்க கிராஃபிக்ஸும் பெட்டர், சின்னச் சின்ன கேம் 720பி-ல தாராளமா ஆடலாம். 12100-ல ஒவ்வொரு கோரும் வேகம், குயிக் சிங்க்-னு வீடியோவுக்குன்னே தனி சர்க்யூட் இருக்கு, எடிட்டிங்ல ப்ரிவியூ திக்காம ஓடும். ரெண்டுலயுமே கூலர் பெட்டியோட வந்துடும். என்னோட சாய்வு கேட்டா, ரெண்டு செட்டுக்கும் விலை வித்தியாசம் 2,000-க்குள்ள இருந்தா 5600ஜி, அதுக்கு மேல போனா 12100. இது என் அபிப்பிராயம் தான், எதிர்ப்பக்கம் சொல்ற நல்ல டெக்னீஷியன்களும் இருக்காங்க, அவங்க சொல்றதுல ஒரு நியாயமும் இருக்கு: பின்னாடி ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி மாதிரி நாலே லேன் (தகவல் போற பாதை) வச்சிருக்க கார்டு போட்டா 5600ஜி-ல அந்த பாதையோட பழைய தலைமுறையான பிசிஐஇ 3.0 தான் இருக்கறதால வேகம் குறையும், 12100-ல 4.0 இருக்கு.

ஒரு எழுத்துல மாட்டிக்காதீங்க. 12100-னு ஒண்ணு, 12100எஃப்-னு ஒண்ணு. எஃப் போட்டதுல கிராஃபிக்ஸ் கிடையாது. ரெண்டு மூவாயிரம் கம்மியா இருக்கேன்னு ஆன்லைன்ல எஃப் வாங்கி வந்து, ஃபேன் சுத்துது, லைட் எரியுது, டிஸ்ப்ளே மட்டும் வரலன்னு போர்டை என்கிட்ட தூக்கிட்டு வந்த பசங்க நிறைய பேரு. தனி கார்டு போடறவங்களுக்கு அது நல்ல ப்ராசஸர், உங்களுக்கு இல்ல.

போர்டுக்கு வருவோம். 12100-க்கு எச்610, 5600ஜி-க்கு ஏ520 இல்லன்னா பி550. நாலு பெரிய போர்டு கம்பெனியில எது உங்க ஊர்ப் பக்கம் சர்வீஸ் சென்டர் வச்சிருக்கோ அதை எடுங்க, இந்த விலையில அவங்களுக்குள்ள பெரிய வித்தியாசம் இல்ல. எச்610-ல டிடிஆர்4 வகை ரேமுக்கு ஒரு போர்டு, டிடிஆர்5-க்கு ஒரு போர்டு, பேரு கிட்டத்தட்ட ஒண்ணு தான், கடைசியில டி4 இல்ல டிடிஆர்4-னு இருக்கான்னு பாருங்க, ஒண்ணோட ரேம் இன்னொண்ணுல உட்காரவே உட்காராது, வெட்டு வேற எடத்துல இருக்கும். எஸ்எஸ்டி சொருகற எம்.2 ஸ்லாட் இருக்கணும். குறைஞ்சது ரெண்டு ரேம் ஸ்லாட் இருக்கணும். பழைய பி450 கம்மி விலைக்கு கிடைச்சா 5600ஜி வர்ற ரைசன் 5000 சீரிஸ்க்கு பயாஸ் (போர்டுக்குள்ளயே இருக்க அடிப்படை சாஃப்ட்வேர்) அப்டேட் பண்ணி இருக்கான்னு கடையிலயே போட்டுக் காட்டச் சொல்லுங்க, இல்லன்னா ஆன் ஆகாது.

ரேம் தான் இப்போ பட்ஜெட்டை உடைக்கிற ஐட்டம். 2025 கடைசியில இருந்து ரேம் விலை கிடுகிடுன்னு ஏறிடுச்சு, ஏஐ சர்வருக்கு மெமரி செய்யறதுல லாபம் அதிகம்னு சிப் கம்பெனிங்க அந்தப் பக்கம் திரும்பிட்டாங்க, அதனால நம்மள மாதிரி ஆளுங்களுக்கு வர்ற சரக்கு குறைஞ்சு போச்சு. அதனால போன வருஷம் கட்டினவங்க சொல்ற விலையை வச்சு கணக்குப் போடாதீங்க, வாங்கற அன்னைக்கு விலை தான் விலை. அளவு 16 ஜிபி வேணும். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவும் எமுலேட்டரும் 8 ஜிபி-ல திணறும், அதுல கொஞ்சம் கிராஃபிக்ஸ் வேற பிடுங்கிக்கும். 5600ஜி எடுத்தா 8 ஜிபி ரெண்டு ஸ்டிக்கா போடுங்க, ஒரே 16 ஜிபி ஸ்டிக்கா போட்டா ஒரு வழிப் பாதையில வண்டி போற மாதிரி, உள்ள இருக்க கிராஃபிக்ஸ் ரேமை நம்பித் தான் ஓடுது, கேம்ல வேகம் நல்லாவே அடிபடும். 12100-ல கோடிங்குக்கு மட்டும்னா இந்த வித்தியாசம் பெருசா தெரியாது, அதனால காசு இடிச்சா இப்போதைக்கு ஒரு ஸ்டிக் வாங்கிட்டு ஆறு மாசம் கழிச்சு அதே மாடல்ல இன்னொண்ணு போட்டுக்கலாம்.

ஸ்டோரேஜ்ல ஹார்டு டிஸ்க் மட்டும் வச்சு சிஸ்டம் போட்டுத் தர்றேன்னு சொல்ற கடையை விட்டு வந்துடுங்க. 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி (எம்.2 ஸ்லாட்ல சொருகற வேகமான வகை) ஒண்ணு போதும். பழைய வகையான சாட்டா எஸ்எஸ்டி நொடிக்கு 550 எம்பி பக்கம், ஜென் 3 என்விஎம்இ 3,500 வரைக்கும் போகும்னு பெட்டியில போட்டிருப்பாங்க, தினசரி வேலையில அந்த ஆறு மடங்கு தெரியாது, ஹார்டு டிஸ்க்ல இருந்து எஸ்எஸ்டி-க்கு மாறறது தான் தெரியும். அதனால ஜென் 4, ஜென் 5-னு கூட காசு போடாதீங்க. எந்த பிராண்டுன்னு கேட்டா இங்க அடிச்சு சொல்ல முடியாத நிலைமை, ஏன்னா ஒரே மாடல் பேர்லயே உள்ள இருக்க சிப்பை கம்பெனிங்க மாத்திடறாங்க, ரிவியூல வந்தது ஒண்ணு, நம்ம கைக்கு வர்றது ஒண்ணு. அஞ்சு வருஷ வாரண்டி இருக்க பேர் தெரிஞ்ச கம்பெனியா எடுங்க, அது தான் பிடிமானம். ஆன்லைன்ல 2 டிபி 1,500 ரூபாய்னு வர்றது போலி. நான் ரெண்டு தடவை பிரிச்சுப் பார்த்திருக்கேன், உள்ள ஒரு சின்ன மெமரி கார்டை ஒட்டி வச்சு 2 டிபி-னு பொய் சொல்ல வச்சிருக்காங்க, நிரம்பினதும் பழைய ஃபைல் மேலயே எழுதிட்டு போகும்.

கேபினட் அழகுக்கு காசு போடாதீங்க, ஆனா முன்பக்கம் ஓட்டை ஓட்டையா மெஷ் இருக்கணும், முன்னாடி ஒரு ஃபேன் பின்னாடி ஒரு ஃபேன். முன்பக்கம் முழுக்க கண்ணாடி, கலர் கலரா லைட், அது ஏசி ரூமுக்கு. சித்திரை மாசத்துல உங்க ஊர் ரூம் 38 டிகிரி இருந்தா ப்ராசஸர் அந்த 38-ல இருந்து தான் ஏற ஆரம்பிக்கும். மூணு மாசத்துக்கு ஒருக்கா ப்ளோயர்ல தூசி அடிச்சு விடுங்க, அடிக்கும்போது ஃபேனை விரலால பிடிச்சுக்கணும். மானிட்டர் 22 இல்ல 24 இன்ச், ஐபிஎஸ் (பக்கவாட்டுல பார்த்தாலும் கலர் மாறாத பேனல்), ஃபுல் எச்டி, நாள் முழுக்க கோடு பார்க்கற கண்ணுக்கு அந்த 19 இன்ச் பத்தாது. வீட்ல எச்டிஎம்ஐ இருக்க டிவி இருந்தா ரெண்டு மாசம் அதுல ஓட்டிட்டு அந்த காசை ரேமுக்கு திருப்பிடலாம், நான் பல பேருக்கு அப்படித் தான் சொல்றேன்.

செகண்ட் ஹேண்ட்ல வாங்கலாமான்னு கடைசியா கேட்டிருந்தீங்க. ரேமும் ப்ராசஸரும் தாராளமா வாங்கலாம், அது ரெண்டும் சுலபத்துல கெடாது, ரேமை மெம்டெஸ்ட்86-ங்கற சோதனை சாஃப்ட்வேர்ல ஒரு ராத்திரி ஓட விட்டு பிழை வரலன்னா நம்பலாம். எஸ்எம்பிஎஸ், ஹார்டு டிஸ்க் பழசு வேண்டாம். எஸ்எஸ்டி-னா கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ-ங்கற சாஃப்ட்வேர்ல ஹெல்த் சதவீதம் பார்க்காம கை வைக்காதீங்க. போர்டும் கிராஃபிக்ஸ் கார்டும் நடுவுல நிக்குது, வாங்கி நாலு வருஷம் ஓட்டினவங்களும் இருக்காங்க, நாலு மாசத்துல தூக்கிப் போட்டவங்களும் இருக்காங்க, ஆளைத் தெரிஞ்சா மட்டும் எடுங்க. கம்பெனிகள்ல இருந்து கழட்டி வர்ற ஐ5 எட்டாவது, ஒன்பதாவது ஜெனரேஷன் ஆபீஸ் சிஸ்டம் முழுசா கிடைச்சா அது உங்க கொட்டேஷனை விட பல மடங்கு நல்லது, நிஜமாவே பட்ஜெட் 25,000 தான்னா நான் அதைத் தான் சொல்லியிருப்பேன்.

கடைக்குப் போகும்போது ப்ராசஸர் பாக்ஸா, ட்ரேயான்னு கேளுங்க. சீல் போட்ட பாக்ஸ்னா கம்பெனி மூணு வருஷ வாரண்டி நேரடியா உங்களுக்கு. ட்ரேன்னா தனியா பிளாஸ்டிக் கவர்ல தருவாங்க, வாரண்டி கடைக்காரர் சொல்றது தான், கூலரும் வராது. பில்லு 18 சதவீதம் ஜிஎஸ்டியோட, ஒவ்வொரு பார்ட்டுக்கும் சீரியல் நம்பர் எழுதி வாங்குங்க, பில் இல்லாம ரெண்டாயிரம் குறைச்சுத் தர்றேன்னு சொன்னா ஒத்துக்காதீங்க. சென்னை வர்ற வேலை இருந்தா ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு நாலு கடை ஏறி இறங்கிப் பாருங்க, முதல் கடையில சொல்ற விலைக்கும் நாலாவது கடை விலைக்கும் வித்தியாசம் இருக்கும். ஆனா வெறும் ஐந்நூறு ஆயிரத்துக்காக அவ்வளவு தூரத்துல வாங்கிட்டு, கெட்டா மறுபடி பஸ் ஏற வேண்டியிருந்தா அதுவும் கணக்குல சேரணும். விண்டோஸ் லைசன்ஸ்னு உங்க கொட்டேஷன்ல ஒரு வரியே இல்ல, அப்போ போட்டுத் தரப்போறது கிராக் பண்ணினது தான். சிஎஸ் படிக்கிற பிள்ளை, உபுண்டு போட்டுக் கொடுங்க, காசும் வேண்டாம், பாடத்துக்கும் உதவும்.

கடையிலயே அசெம்பிள் பண்ணச் சொல்லுங்க, ஆனா தங்கச்சியை பக்கத்துல உட்கார வைங்க. அவளே செய்ய ஆசைப்பட்டா இன்னும் நல்லது. 12100-னா போர்டுல தான் முடி மாதிரி பின் இருக்கும், ப்ராசஸரை மேல இருந்து மெதுவா வைக்கணும், அழுத்தவே கூடாது. 5600ஜி-னா பின் ப்ராசஸர் அடியில, ஓரத்துல இருக்க தங்க முக்கோணத்தை சாக்கெட் முக்கோணத்தோட சேர்த்து வச்சா தானா இறங்கும். இன்டெல் போர்டு சாக்கெட் மேல இருக்க கருப்பு பிளாஸ்டிக் மூடியைத் தூக்கிப் போட்டுடாதீங்க, போர்டை வாரண்டிக்கு அனுப்பும்போது கேட்பாங்க, பெட்டிக்குள்ளயே போட்டு வைங்க. எல்லாம் ஆன் ஆனதும் விண்டோஸ்னா டாஸ்க் மேனேஜர்ல, உபுண்டுன்னா பயாஸ்லயே, மெமரி பக்கத்துல வேகம் என்னன்னு பாருங்க, 3200 ரேம் வாங்கிட்டு அங்க 2400-னு காட்டினா பயாஸ்ல எக்ஸ்எம்பி-ங்கற ரேம் வேக செட்டிங்கை ஆன் பண்ணல, ஆன் பண்ணச் சொல்லுங்க, அது வரைக்கும் கொடுத்த காசுக்கு ரேம் ஓடல.

இப்போ அந்த கடைக்கே திரும்பப் போய் ப்ராசஸர் முழு நம்பர், போர்டு முழு பேரு, எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கர் போட்டோ, ரேம் எத்தனை ஸ்டிக், எஸ்எஸ்டி மாடல் இந்த அஞ்சையும் எழுதி வாங்கிட்டு இங்க போடுங்க. கூடவே இன்னொரு கடையிலயும் ஒரு கொட்டேஷன் வாங்கிடுங்க. ரெண்டையும் பார்த்து எந்த வரியை அடிக்கலாம், எதை மாத்தலாம்னு சொல்றேன். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல பதில் போடுவேன்.